கோடரியும் காம்பும்

2020-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நினைவிருக்கிறதா? மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரம் என்றொரு சிற்றூர். அங்கே கோயிலில் பூசை நடந்தது. வாசலில் கோலமிட்டு வாழ்த்து எழுதினார்கள். முடிவு தெரிந்ததும் வெடி வெடித்தார்கள். அந்த ஊர்க்காரர் ஒருவரின் பேத்தி கமலா ஹாரிஸ், அமெரிக்காவின் துணைக் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார் என்ற களிப்பு. இயல்பான களிப்புத்தான், குறை சொல்ல வரவில்லை.

ஆனால் அதே நவம்பர் 3-ஆம் நாள், அந்த அம்மையார் பிறந்த கலிஃபோர்னியா மாநிலத்தில், அவர் பெயர் இருந்த அதே வாக்குச்சீட்டில் இன்னொரு கேள்வியும் அச்சிடப்பட்டிருந்தது. அதற்கு 22 என்று எண் கொடுத்திருந்தார்கள். துளசேந்திரபுரத்தில் வெடித்த வெடிச் சத்தம் நம் காதுக்கு எட்டியது. அந்த 22-ஆம் எண்ணில் இலட்சக்கணக்கான கார் டிரைவர்களின் உரிமை வெடி வைத்துத் தகர்க்கப்பட்ட சத்தம் நம்மில் எத்தனை பேருக்கு எட்டியது?

அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறோம். உலகுக்கெல்லாம் ஜனநாயகப் பாடம் நடத்தும் நாட்டில், மக்களே வடித்த கோடரியை மக்களுக்கு எதிராகவே ஓங்கினார்களே, அந்தக் கதை!

தொழிலாளியா, அல்லவா?

கேள்வி மிகச் சிறியது. கைப்பேசியில் உள்ள செயலியைத் தட்டினால் கார் வந்து நிற்கிறதே, அந்தக் காரை ஓட்டுகிறவர் கம்பெனியின் தொழிலாளியா, அல்லவா? இவ்வளவுதான் கேள்வி. ஆனால் இந்தச் சிறிய கேள்விக்குள் ஒரு குடும்பத்தின் அடுப்பே அடங்கியிருக்கிறது.

தொழிலாளி என்றால் குறைந்தபட்சக் கூலி உண்டு. கூடுதல் நேரம் உழைத்தால் கூடுதல் கூலி உண்டு. வேலை போனால் உதவித் தொகை உண்டு. வேலையில் அடிபட்டால் நட்ட ஈடு உண்டு. நோயில் படுத்தால் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. முதுமைக் கால ஓய்வூதியத்துக்கு முதலாளி செலுத்த வேண்டிய பங்கும் உண்டு. தொழிலாளி அல்லன், ‘தனி ஒப்பந்தக்காரன்’ என்று எழுதிவிட்டால்? இத்தனை ‘உண்டு’களும் ஒரே கீறலில் ‘இல்லை’ ஆகிவிடும்!

ஊபர் என்பது 2009-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் தோன்றிய கம்பெனி. அதன் பின்னே லிஃப்ட் வந்தது. வீட்டுக்கு உணவு கொண்டு தரும் டோர்டாஷ் வந்தது. இவற்றின் தொழில் என்ன? காரா? கார் டிரைவருடையது. பெட்ரோல் டிரைவர் காசு. தேய்ந்த டயரும், பழுதான எஞ்சினும், கார்க் கடன் தவணையும் டிரைவர் தலையில். அப்படியானால் கம்பெனியிடம் இருப்பது என்ன? செயலி இருக்கிறது, கணிப்பொறி இருக்கிறது, கடிவாளம் இருக்கிறது!

எந்தச் சவாரி எவருக்கு என்று முடிவு செய்வது கணிப்பொறி. கட்டணத்தைக் கணக்கிடுவதும், அதில் டிரைவருக்கு எவ்வளவு என்று பிரிப்பதும் கணிப்பொறி. பயணி குறைந்த மதிப்பெண் போட்டால் டிரைவரின் கணக்கையே முடக்கிவிடுவதும் அதே கணிப்பொறி. அந்தக் கால ஆலையில் மேஸ்திரி இருந்தான். கையில் கோலும் வாயில் வசவுமாக நின்றான். ஆனாலும் அவனுக்கு ஒரு முகம் இருந்தது. முகத்துக்கு நேரே நின்று ‘ஏனய்யா என் கூலியைப் பிடித்தாய்?’ என்று கேட்கலாம். இன்றைய மேஸ்திரி சட்டைப் பைக்குள் இருக்கிறான். அவனுக்கு முகம் இல்லை, செவி இல்லை, ஆனால் கண் மட்டும் இமைப்பதே இல்லை!

இத்தனை கட்டுப்பாட்டையும் வைத்துக்கொண்டு கம்பெனிகள் சொல்லும் சொல்லைக் கேளுங்கள்: ‘அவர் எங்கள் தொழிலாளி அல்லர், தமக்குத் தாமே முதலாளி!’ என்னே தாராளம்! கூழுக்கு வழியில்லாதவனுக்குக் கோமகன் என்று பட்டம்!

சட்டம் வந்தது; சினமும் வந்தது

2018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பளித்தது. டைனமெக்ஸ் என்ற பொருள் விநியோகக் கம்பெனி 2004-ஆம் ஆண்டில் தன் டிரைவர்களைத் தொழிலாளி என்ற கணக்கிலிருந்து எடுத்து ஒப்பந்தக்காரர் என்ற கணக்கில் எழுதியது. அது பற்றிய வழக்கு. நீதிமன்றம் மூன்று கேள்விகளை முன்வைத்தது. அந்த ஆள் கம்பெனியின் கட்டுப்பாட்டுக்கு வெளியே வேலை செய்கிறாரா? அவர் செய்யும் வேலை கம்பெனியின் வழக்கமான தொழிலுக்கு அப்பாற்பட்டதா? அவர் அதே தொழிலைத் தனியாகச் சொந்தத்தில் நடத்தி வருபவரா? இந்த மூன்றுக்கும் ‘ஆம்’ என்று கம்பெனி நிரூபித்தால்தான் அவர் ஒப்பந்தக்காரர்; இல்லையேல் தொழிலாளி. குழாய் ரிப்பேர் செய்ய வரும் ஆள் துணிக்கடையின் தொழிலாளி ஆகமாட்டார். ஆனால் கார்ச் சவாரி விற்கும் கம்பெனிக்குக் காரோட்டுகிறவர் தொழிலாளி இல்லையென்றால் வேறு யார்தான் தொழிலாளி?

தொழிற்சங்க இயக்கத்திலிருந்து சட்டமன்றம் சென்ற லோரினா கொன்சாலஸ் என்ற அம்மையார் இந்தத் தீர்ப்பைச் சட்டமாக்கக் கொண்டுவந்த மசோதா நிறைவேறியது. 2019 செப்டம்பரில் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்டார். 2020 ஜனவரி 1-ஆம் நாள் சட்டம் நடப்புக்கு வந்தது.

கம்பெனிகள் பணிந்தனவா? இல்லை. சட்டம் தங்களுக்குப் பொருந்தாது என்றார்கள். 2020 மே மாதம் மாநில அரசே ஊபர் மீதும் லிஃப்ட் மீதும் வழக்குத் தொடர்ந்தது. ஆகஸ்ட் மாதம் நீதிபதி, டிரைவர்களைத் தொழிலாளராக நடத்துங்கள் என்று ஆணையிட்டார். உடனே, மாநிலம் முழுவதும் சேவையை நிறுத்துவோம் என்று மிரட்டினார்கள். கதவடைப்பு என்பது ஆலை முதலாளியோடு ஒழிந்த பழக்கம் என்று யார் சொன்னது? கதவே இல்லாத கம்பெனியும் கதவடைப்புச் செய்யும்! மேல் நீதிமன்றம் தற்காலிகத் தடை கொடுத்ததால் அந்த மிரட்டல் நின்றது. ஆனால் அதற்குள் வேறொரு வேலை தொடங்கியிருந்தது.

இருபது கோடி டாலர்!

கலிஃபோர்னியாவில் ஓர் ஏற்பாடு உண்டு. குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாக்காளர் கையெழுத்துத் திரட்டினால், சட்டமன்றத்துக்குப் போகாமலே ஒரு சட்டத்தை நேரே மக்கள் வாக்குக்கு விடலாம். 2020-ஆம் ஆண்டில் அதற்கு வேண்டியவை 6,23,212 கையெழுத்துகள். ஓர் ஏழைச் சங்கத்துக்கு அது மலை. பணக் கம்பெனிக்கு அது படிக்கட்டு! கூலிக்கு ஆள் வைத்துக் கையெழுத்துத் திரட்டி, 22-ஆம் எண் கேள்வியை வாக்குச்சீட்டில் ஏற்றினார்கள். ‘செயலி வழி டிரைவர்களைத் தொழிலாளர் சட்டத்திலிருந்து விலக்கு’ என்பதுதான் அதன் சாரம். ஆனால் அதற்குச் சூட்டிய பெயர் என்ன தெரியுமா? ‘செயலி வழி டிரைவர்களையும் சேவைகளையும் பாதுகாக்கும் சட்டம்’! ஆட்டைப் பாதுகாக்க ஓநாய் கொண்டுவந்த மசோதா!

ஊபரும் லிஃப்டும் டோர்டாஷும், அவற்றோடு இன்ஸ்டாகார்ட், போஸ்ட்மேட்ஸ் ஆகியவையும் சேர்ந்து கொட்டிய பணம் 20 கோடி டாலருக்கு மேல். கலிஃபோர்னியா அதுவரை கண்ட மக்கள் வாக்கெடுப்புகளில் எதற்கும் அவ்வளவு பணம் செலவானதில்லை. எதிர்த்து நின்ற தொழிற்சங்கங்கள் திரட்டியது ஏறத்தாழ 2 கோடி. பத்துக்கு ஒன்று! ஒரு பக்கம் பத்து ஒலிபெருக்கி; மறு பக்கம் ஒரு தொண்டை.

தொலைக்காட்சியில் விளம்பரம், தபாலில் விளம்பரம், போதாதென்று செயலியிலேயே விளம்பரம். வேலைக்கு வரும் டிரைவர் செயலியைத் திறந்தால் ‘22-ஐ ஆதரிப்பீர்’ என்ற அறிவிப்பு. சவாரி தேடும் பயணி திறந்தாலும் அதே அறிவிப்பு. உணவு வந்து சேரும் பையிலும் அதே வாசகம் அச்சாகியிருந்தது. வாக்காளரின் சட்டைப் பைக்குள்ளேயே தேர்தல் அலுவலகம் திறந்துவிட்டார்கள்! அந்தக் காலத்தில் சுவரொட்டிக்குச் சுவர் தேட வேண்டும். பசை காய்ச்ச வேண்டும். இன்றோ கருவி யாருடையதோ, சுவரும் அவருடையது, பசையும் அவருடையது.

மக்களுக்கு என்ன வாக்குறுதி தந்தார்கள்? டிரைவருக்குக் குறைந்தபட்சக் கூலியில் 120 சதவிகிதம் உறுதி என்றார்கள். கேட்கும்போது இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தக் கூலி சவாரி ஏற்றுக்கொண்டது முதல் இறக்கிவிடும் வரைதான். அடுத்த சவாரிக்காகத் தெருவோரம் காத்துக் கிடக்கும் நேரத்துக்குச் சல்லிக் காசு இல்லை. மீன் பிடிக்கப் போனவனிடம், வலையில் மீன் விழுந்த நிமிடத்துக்கு மட்டும் கூலி தருகிறேன் என்று சொல்வது போல! பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2019-ஆம் ஆண்டிலேயே கணக்குப் போட்டார்கள். மணிக்கு 15 டாலர் 60 சென்ட் என்று பேசப்படும் உறுதி, காத்திருக்கும் நேரத்தையும் கார்ச் செலவையும் மற்ற இழப்புகளையும் கழித்தால் 5 டாலர் 64 சென்டுக்கு இறங்கிவிடும் என்றார்கள். கம்பெனிகள் அந்தக் கணக்கை மறுத்தன. ஆனால் காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி தருகிறோம் என்று மட்டும் அவை சொல்லவில்லை.

முடிவு என்ன? நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர் 22-க்கு ஆதரவாக வாக்களித்தார்கள். இதிலுள்ள விந்தையைக் கவனியுங்கள். அதே மாநிலத்தில், அதே நாளில், நூற்றுக்கு 63 பேருக்கு மேல் பைடனுக்கும் கமலா ஹாரிசுக்கும் வாக்களித்தார்கள். அந்த இருவரும் 22-ஐ எதிர்த்தவர்கள்! தலைவர்களை ஏற்றுக்கொண்ட மக்கள், தலைவர்கள் சொன்னதை ஏற்கவில்லை. நடுவே புகுந்து பேசியது 20 கோடி டாலர்.

மறுநாள் பங்குச் சந்தையில் ஊபர் பங்கு 14 சதவிகிதம் ஏறியது. ஒரே நாளில் கம்பெனியின் மதிப்பு பல நூறு கோடி டாலர் உயர்ந்தது. போட்ட முதல் எவ்வளவு, எடுத்த இலாபம் எவ்வளவு? எந்த வட்டிக்கடையில் இந்த வட்டி கிடைக்கும்?

இன்னொன்றையும் அந்தச் சட்டத்தின் உள்ளே செருகி வைத்திருந்தார்கள். பிற்காலத்தில் சட்டமன்றம் இதைத் திருத்த வேண்டுமானால் எட்டில் ஏழு பங்கு உறுப்பினர்கள் இசைய வேண்டும்! வீட்டை வாங்கியதோடு விட்டார்களா? சாவியையும் ஆற்றில் எறிந்துவிட்டார்கள்.

கோடரி வடித்த கதை

இனிமேல்தான் தோழர்களே, நெஞ்சை உறுத்தும் பகுதி. மக்களே நேரடியாகச் சட்டம் இயற்றும் அந்த ஏற்பாடு கலிஃபோர்னியாவுக்கு எப்படி வந்தது? யாரை எதிர்த்து வந்தது?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மாநிலத்தை ஆண்டது ரயில். சென்ட்ரல் பசிபிக், அதன் பின் சதர்ன் பசிபிக் என்ற கம்பெனிகள். அவற்றின் அதிபர் லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு, ரயில் கம்பெனித் தலைவராக இருந்துகொண்டே மாநில ஆளுநராகவும் இருந்தார்! பெயரைக் கவனித்தீர்களா? பின்னாளில் அவர் நிறுவிய பல்கலைக்கழகந்தான் இன்றைய கணிப்பொறி முதலாளிகள் பலரின் நாற்றங்கால்.

அந்த ரயில் பாதையைப் பனிமலையைக் குடைந்து போட்டவர்கள் யார்? ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள். வெள்ளைத் தொழிலாளிக்குச் சமமான கூலி கேட்டு 1867 ஜூன் மாதம் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கம்பெனி பங்காளி சார்லஸ் கிராக்கர் என்ன செய்தார்? துப்பாக்கி தூக்கவில்லை, மலைமேல் போகும் உணவை நிறுத்தினார். ஒரு வாரத்தில் பசி வென்றது, வேலைநிறுத்தம் தோற்றது.

1880-ஆம் ஆண்டு மே மாதம் மசல் ஸ்லூ என்ற இடத்தில், ரயில் கம்பெனி வாக்குக் கொடுத்த விலையை நம்பி நிலத்தைத் திருத்திப் பயிர் செய்த குடியானவர்களுக்கும், பல மடங்கு விலை கேட்டு வெளியேற்ற வந்தவர்களுக்கும் மோதல். ஏழு உயிர்கள் மடிந்தன. சரக்குக் கட்டணம் கம்பெனி வைத்தது. சட்டமன்றம் கம்பெனி சொன்னது. மக்கள் அந்தக் கம்பெனியை ‘எட்டுக்கால் கடற்பூதம்’ என்று அழைத்தார்கள்.

1910-ஆம் ஆண்டு ஹைரம் ஜான்சன் என்ற வழக்கறிஞர் ஆளுநர் பதவிக்கு நின்றார். அவருடைய தந்தை குரோவ் ஜான்சன் ரயில் கம்பெனியின் பக்கம் நின்ற சட்டமன்றத்தார். மகனோ, ரயில் கம்பெனியை அரசியலைவிட்டு உதைத்து வெளியேற்றுவேன் என்று முழங்கினார். அந்தக் கம்பெனியின் ரயிலில் கால் வைக்க மறுத்து, மோட்டார் காரிலேயே ஊர் ஊராகச் சென்றார். வென்றார். அவர் குறையில்லாதவர் அல்லர். 1913-ஆம் ஆண்டு ஜப்பானியக் குடியானவர்கள் நிலம் வாங்கத் தடை போட்ட சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. ஆயினும் 1911 அக்டோபர் 10-ஆம் நாள் அவர் காலத்தில் மக்கள் வாக்களித்து ஓர் உரிமையைப் பெற்றார்கள். சட்டமன்றத்தைக் கம்பெனி விலைக்கு வாங்கிவிட்டால், மக்களே சட்டம் இயற்றிக்கொள்ளலாம் என்ற உரிமை!

அதுதான் கோடரி. கம்பெனி ஆட்சி என்ற நச்சு மரத்தை வெட்ட மக்கள் வடித்த கோடரி. நூற்றொன்பது ஆண்டுகள் கழித்து அதே கோடரி ஊபர் கையில்! ரயில் கம்பெனியை எதிர்க்க ஜான்சன் ஏறிச் சென்றது மோட்டார் கார். இன்று அந்தக் கார்ச் சவாரியே கம்பெனியாகி வந்து அவர் வடித்த கோடரியைப் பறித்துக்கொண்டது. வரலாறு சிரிக்கவும் தெரிந்தது, தோழர்களே. அந்தச் சிரிப்பில் ஈரம் இருப்பதில்லை.

கம்பெனிக்கு வாய் முளைத்த கதை

கம்பெனிக்கு வாக்கு இல்லையே, அது எப்படித் தேர்தலில் புகுந்தது என்று கேட்பீர்கள்.

அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை விலங்கறுந்த கறுப்பின மக்களைக் காக்க 1868-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தில் 14-ஆம் திருத்தம் வந்தது. எல்லா மனிதருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பு என்றது அது. 1886-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்குப் போனது. வழக்காடியது அதே சதர்ன் பசிபிக்! ரயில் பாதையோர வேலிக்கு வரி போடலாமா என்பது வழக்கு. வாதம் தொடங்கும் முன்பே தலைமை நீதிபதி, அந்தத் திருத்தம் கம்பெனிகளுக்கும் பொருந்தும் என்பதே எங்கள் எல்லோர் கருத்து, அதைப் பற்றி வாதம் வேண்டாம் என்றார். நீதிமன்றக் குறிப்பாளர் அதைத் தீர்ப்பின் தலைப்புக் குறிப்பில் எழுதி வைத்தார். அவரும் ஒரு காலத்தில் ரயில் கம்பெனித் தலைவராக இருந்தவர்! அடிமைக்குப் போட்ட வேலி. அதில் கம்பெனி நுழைந்தது. வேலி வழக்கிலேயே வேலி பயிரை மேய்ந்தது!

மனிதர் என்றானபின் வாய் வேண்டாமா? 1978-ஆம் ஆண்டு, மாசசூசெட்ஸ் மாநில வழக்கொன்றில், மக்கள் வாக்கெடுப்புகளில் கம்பெனிகள் பணம் செலவிடுவதைத் தடுப்பது பேச்சுரிமைக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் ஒரு பக்கம், நால்வர் மறு பக்கம். தீர்ப்பை எழுதிய லூயிஸ் பவல், நீதிபதி ஆவதற்குச் சற்று முன் 1971-ஆம் ஆண்டு, வணிகர்கள் அரசியலில் திரண்டு இறங்க வேண்டும் என்று அமெரிக்க வர்த்தக சபைக்கு எழுதிக் கொடுத்தவர். 2010-ஆம் ஆண்டு மறுபடியும் ஐந்துக்கு நான்கு: பொதுத் தேர்தலிலும் கம்பெனிகள் வேட்பாளரின் கையில் கொடுக்காமல் தனியே எவ்வளவும் செலவிடலாம் என்று தீர்ப்பு.

ஆக, பணம் பேச்சாயிற்று. பணம் பேச்சு என்றால், பணம் இல்லாதவன்? ஊமை!

‘மக்கள்தானே வாக்களித்தார்கள்?’

இப்படி ஒரு வாதம் வரும். நேர்மையாக அதையும் பார்ப்போம். 22-ஐ விரும்பிய டிரைவர்களும் இருந்தார்கள், மறுக்கவில்லை. பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு ஓட்டலாம், விரும்பாத நாளில் ஓட்டாமல் இருக்கலாம் என்ற வசதி அவர்களுக்குப் பிடித்திருந்தது. அந்த ஆசை குற்றமா? இல்லை. ஆனால், தொழிலாளி என்று ஒப்புக்கொண்டால் அந்த வசதி போய்விடும் என்று எந்தச் சட்டம் சொன்னது? எந்தச் சட்டமும் சொல்லவில்லை. சொன்னது கம்பெனி! நேரத்தையும் உரிமையையும் தராசின் இரு தட்டில் வைத்து, ஒன்றை எடுத்தால் ஒன்றை விட வேண்டும் என்று அச்சுறுத்தியதும் கம்பெனியே. வேலை போய்விடுமோ என்று நடுங்கும் கொள்ளை நோய்க் காலம் வேறு. அந்த அச்சத்தில் விழுந்த வாக்கு அது.

கோடரிக்காம்பு குலத்துக்கு ஈனம் என்பது நம் முதுமொழி. இரும்பு மட்டும் மரத்தை வெட்டாது. மரத்தின் இனத்திலிருந்தே ஒரு காம்பு வேண்டும். ஆனால் காம்பான கிளையைத் திட்டி என்ன பயன்? அதைச் செதுக்கிய உளியைப் பாருங்கள். அந்த உளியின் பெயர் 20 கோடி டாலர்.

அதன் பின்

வாக்கெடுப்பு முடிந்து சில மாதங்களுக்குள், ஆல்பர்ட்சன்ஸ் என்ற மளிகைக் கடைக் கம்பெனி கலிஃபோர்னியாவின் சில பகுதிகளில் சொந்த விநியோக டிரைவர்களை நீக்கிவிட்டு வேலையைச் செயலிக் கம்பெனியிடம் ஒப்படைத்தது. டிரைவர்கள் சிலரும் ஒரு தொழிற்சங்கமும் வழக்காடினார்கள். 2021-ஆம் ஆண்டு ஒரு நீதிபதி அந்தச் சட்டம் செல்லாது என்றார். 2023-ஆம் ஆண்டு மேல் நீதிமன்றம் பெரும்பாலும் செல்லும் என்றது. 2024 ஜூலை 25-ஆம் நாள் மாநில உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் செல்லும் என்று முடித்துவிட்டது.

கட்சிகள் என்ன செய்தன? ஊபர் கம்பெனியின் தலைமைச் சட்ட அதிகாரி டோனி வெஸ்ட், கமலா ஹாரிசின் தங்கை மாயாவின் கணவர். அக்காள் 22-ஐ எதிர்த்தார். தங்கை கணவர் 22-ஐ வெல்ல வைத்த கம்பெனியில் அமர்ந்திருந்தார். ஒரே விருந்து மேசைக்கு இரு பக்கமும் நாற்காலி! தொழிற்சங்க உரிமையை வலுப்படுத்தும் மசோதா 2021 மார்ச்சில் கீழவையில் நிறைவேறி மேலவையில் முடங்கிப் போனது. 2024 தேர்தலிலோ எலான் மஸ்க் என்ற ஒரே மனிதர் டிரம்ப் பக்கத்துக்காகச் செலவிட்டது 25 கோடி டாலருக்கு மேல். 2025 ஜனவரி 20-ஆம் நாள் டிரம்ப் பதவியேற்ற மண்டபத்தில் மஸ்க், பெசோஸ், சக்கர்பர்க், மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த நம் சுந்தர் பிச்சை ஆகிய கணிப்பொறிக் கம்பெனித் தலைவர்கள், அமைச்சராகப் போகிறவர்களுக்கும் முன்னே அமர்ந்திருந்தார்கள். அன்று ஆளுநர் நாற்காலியில் ரயில். இன்று முன்வரிசையில் கணிப்பொறி!

இந்த அரசியலின் விளைச்சல் என்ன? அந்நாட்டுக் குடும்பச் செல்வத்தில் ஏறத்தாழ 30 சதவிகிதம் மேல்தட்டில் உள்ள நூற்றில் ஒருவரிடம். கீழ்ப்பாதி மக்கள் அத்தனை பேருக்கும் சேர்த்துச் சுமார் இரண்டரை சதவிகிதம். நாடு முழுமைக்குமான குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7 டாலர் 25 சென்ட் என்று 2009-ஆம் ஆண்டு வைத்தது; பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு சென்ட்கூட ஏறவில்லை. 1950-களில் மூன்றில் ஒரு தொழிலாளி சங்கத்தில் இருந்தார். 2024-இல் பத்தில் ஒருவர்தான். இந்தக் கணக்குகளைத் தனித்தனியாகப் படிக்காதீர்கள். சங்கம் சுருங்கச் சுருங்கப் பணம் பெருகிற்று. பணம் பெருகப் பெருகச் சட்டம் சாய்ந்தது. சட்டம் சாயச் சாயக் கூலி தேய்ந்தது.

காம்பைக் கையில் எடு!

எல்லாம் முடிந்துவிட்டதா? இல்லை, தோழர்களே!

மாசசூசெட்ஸ் மாநிலத்திலும் 22-ஐப் போல ஒன்றைக் கொண்டுவர முயன்றார்கள். 2022-ஆம் ஆண்டு அந்த மாநில நீதிமன்றமே அதை வாக்குச்சீட்டில் ஏறவிடவில்லை. 2024 ஜூனில் மாநில அரசு தொடர்ந்த வழக்கில் ஊபரும் லிஃப்டும் 17 கோடியே 50 இலட்சம் டாலர் கொடுக்கவும், சவாரி நேரத்துக்கு மணிக்கு 32 டாலர் 50 சென்ட் தரவும் உடன்பட்டன. அதே ஆண்டு நவம்பரில், கார்ச் சவாரி டிரைவர்கள் யூனியன் அமைத்துக் கூட்டுப் பேரம் பேசலாம் என்ற சட்டத்தை மக்கள் நேரடி வாக்கிலேயே நிறைவேற்றினார்கள். ஆம், அதே வகைக் கோடரிதான்! பிடித்த கை மாறியது. விழுந்த மரமும் மாறியது.

கலிஃபோர்னியாவிலும் 2025 அக்டோபரில், எட்டு இலட்சம் டிரைவர்களுக்கு யூனியன் அமைக்கும் உரிமை தரும் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார். அதற்கு விலையாகக் கம்பெனிகள் கட்ட வேண்டிய விபத்து இன்சூரன்ஸ் அளவைக் குறைத்துக் கொடுத்தார்கள். அவர்கள் இன்னும் சட்டப்படி தொழிலாளிகள் ஆகவில்லை. 22 இன்னும் நிற்கிறது. முழு வெற்றி என்று முழங்க மாட்டோம். ஆனால் ஒருவரையொருவர் பாராமல், கைப்பேசித் திரையை மட்டும் பார்த்துக் கிடந்தவர்கள் ஒரே மேசையில் அமர வழி பிறந்திருக்கிறது.

நமக்கென்ன வந்தது, அது அமெரிக்கா என்று இருந்துவிடலாமா? அதே ஊபர் நம் சென்னைத் தெருவில் ஓடுகிறது. அந்த டிரைவரின் சட்டைப் பையிலும் அதே முகமில்லாத மேஸ்திரி உட்கார்ந்திருக்கிறான்.

1911-ஆம் ஆண்டு மக்கள் கோடரியை வடித்தார்கள். வடித்துவிட்டு, சட்டம் இருக்கிறது, அதுவே காக்கும் என்று வீட்டுக்குப் போய்விட்டார்கள். வாசலில் கிடந்த கோடரியை வலுத்தவன் எடுத்துக்கொண்டான். கதை சொல்லும் பாடம் அவ்வளவுதான். சட்டம் என்பது இரும்பு. அது யாருக்கு வேலை செய்யும் என்பதை இரும்பு தீர்மானிப்பதில்லை. பிடித்த கை தீர்மானிக்கிறது. அந்தக் கை தனிக் கையானால் டாலர் முறுக்கிவிடும். ஆயிரம் கைகள் சேர்ந்து பிடித்த காம்பை முறுக்க எந்த டாலராலும் ஆகாது.

அடுத்த முறை காருக்காகச் செயலியைத் தட்டும்போது, வந்து நிற்கும் அந்தத் தோழரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: ‘அண்ணே, நீங்கள் எந்தச் சங்கம்?’

இல்லை என்று அவர் சொன்னால், அங்கே தொடங்குகிறது நம் வேலை!